ஜெட் ஸ்கீ ரெண்டை ஒப்பிடுறது எப்பிடி: எச்.பி. நம்பரும் கச்சான் காத்தும்

போன சீசன்ல உப்புவெளியில ஒரு தம்பி வந்து கேட்டான், அண்ணை 300 எச்.பி. மெஷின் ஒண்டு வருது, 130 எச்.பி. ஒண்டும் வருது, எதை எடுக்கிறது எண்டு. நான் திருப்பிக் கேட்டன், எத்தினை பேரை ஏத்தப்போறாய், எங்க ஓடப்போறாய், பின்னேரம் ரெண்டு மணிக்குப் பிறகும் கடலுக்க நிப்பியா எண்டு. அவனுக்கு கொஞ்சம் கோவம், பவரைக் கேட்டால் நேரத்தைக் கேக்கிறீங்களே எண்டான். ஆனா திருகோணமலையில ஜெட் ஸ்கீ பாக்கிற ஆளுக்கு அந்த மூண்டு கேள்வியும்தான் முதல் வேலை, எச்.பி. அதுக்குப் பிறகுதான்.

முதல்ல பேர்க் குழப்பத்தை முடிச்சிடுவம். தண்ணிக்கு மேல மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி இருந்து ஓடுற இந்தச் சாமானுக்கு ஜெட் ஸ்கீ எண்டது கவாசாகிக்காரன்ட மொடல் பேர், யமஹாக்காரன் வேவ்ரன்னர் எண்டுவான், கனடாக்காரன்ட பிஆர்பி கம்பெனி சீ-டூ எண்டு விக்கும். எங்கட கரையில எல்லாமே ஜெட் ஸ்கீதான், நானும் அப்பிடியே எழுதுறன்.

இப்ப பேப்பர்க் கணக்கு. இதுல கனபேர் விழுற ஒரு குழி இருக்கு. சீ-டூவும் யமஹாவும் தங்கட மெஷின்ட நிறையைச் சொல்லேக்க பெற்றோல் இல்லாத வெறும் நிறையைத்தான் சொல்லுவினம், கவாசாகி பெற்றோல் ஒயில் எல்லாம் ஊத்தின நிறையைச் சொல்லும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பாத்தால் கவாசாகி சும்மா பாரமாத் தெரியும். உதாரணத்துக்கு சீ-டூ ஸ்பார்க் மூண்டு பேர் ஏறுற 90 எச்.பி. மொடலை எடுங்கோ, வெறும் நிறை 200 கிலோவை ஒட்டி வரும். கவாசாகி எஸ்டிஎக்ஸ் 160, பேர்லயே இருக்கு 160 எச்.பி., நிறை 400 கிலோவை ஒட்டி. நிறையை எச்.பி.யால பிரிச்சால் ஸ்பார்க்குக்கு ஒரு எச்.பி.க்கு 2.2 கிலோ, எஸ்டிஎக்ஸுக்கு 2.5 கிலோ, ஆக ஸ்பார்க் வெண்டிட்டுது எண்டு நினைப்பீங்கள். பொறுங்கோ. ஸ்பார்க்ட டாங்க் 30 லீற்றர், அதை நிரப்பி ஒயிலையும் ஊத்தினால் 225க்கு வந்திடும், மேல 65 கிலோ ஆள் ஒருத்தர் ஏறினால் 290, 90ஆல பிரிச்சால் 3.2. எஸ்டிஎக்ஸ் அதே ஆளோட 465, 160ஆல பிரிச்சால் 2.9. ஆள் ஏறின உடனயே கணக்கு தலைகீழாப் போச்சு. மூண்டு பேர் ஏறினால் ஸ்பார்க்குக்கு 4.7, எஸ்டிஎக்ஸுக்கு 3.7. இதுல மூண்டு பேரும் 65 கிலோ எண்டுதான் போட்டிருக்கன், ஏனெண்டால் அந்த ஸ்பார்க்குக்கு கம்பெனி வைச்ச எல்லையே 205 கிலோ. மத்தியானம் சோறும் நண்டுக்கறியும் சாப்பிட்டுட்டு வாற மூண்டு ஆம்பிளையள் அந்த எல்லைக்க அடங்குவினமா எண்டு நீங்களே யோசியுங்கோ.

அதால எந்த மெஷினைப் பாத்தாலும் இந்தக் கணக்கை உங்கட ஆக்கள்ட நிறையோட போட்டுப் பாருங்கோ. பெற்றோல் ஒரு லீற்றர் முக்கால் கிலோ வரும். 70 லீற்றர் டாங்க் நிரம்பினால் 50 கிலோவுக்கு மேல, அது ஒரு ஆள்ட நிறை. ஒரு மெஷின் ஃபுல் டாங்க், மற்றது கால் டாங்க் எண்டு வைச்சு ரேஸ் ஓடிப்போட்டு இது ஸ்பீட் அது ஸ்லோ எண்டு கதைக்கிறது விசர்க்கதை.

டொப் ஸ்பீட்டைப் பற்றி ரெண்டு வசனம் காணும். சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்க காத்தை அமுக்கி ஏத்திப் பவரைக் கூட்டுற சாமான்) போட்ட பெரிய மெஷினுகள், அதாவது சீ-டூ ஆர்எக்ஸ்பி-எக்ஸ் 300, கவாசாகி அல்ட்ரா 310, யமஹா எஃப்எக்ஸ் எஸ்விஎச்ஓ, எல்லாம் ஏறத்தாழ மணிக்கு 108 கிலோமீற்றர்ல தான் நிக்கும், கம்பெனிக்காரர் அமெரிக்காவுல கடலோரக் காவலோட பேசி வைச்ச எல்லை அது. ஆக 300க்கும் 310க்கும் டொப் ஸ்பீட்ல பெரிய வித்தியாசம் தேடாதீங்கோ, வித்தியாசம் எல்லாம் எவ்வளவு கெதியா அந்த ஸ்பீட்டுக்குப் போகுது, போற வழியில உங்கட முதுகுக்கு என்ன நடக்குது எண்டதுலதான். இன்னொண்டு, 300 எச்.பி.யை முழுசாத் திறந்து பிடிச்சால் 70 லீற்றர் டாங்க் ஒரு மணித்தியாலம் தாங்காது. பெற்றோல் விலை உங்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை.

பெற்றோல் எண்டதும் ஒக்டேன் கதையையும் சொல்லிடுறன். அமெரிக்கப் புத்தகத்துல சூப்பர்சார்ஜர் மெஷினுக்கு 91 ஊத்து எண்டு இருக்கும், ஆ எங்கட 92 காணும்தானே எண்டு ஊத்துவினம். அவங்கட 91 வேற அளவு முறை, எங்கட பெற்றோல் செட்டில விக்கிற கணக்குக்கு அது 95. அவங்கட 87 தான் எங்கட 92க்குக் கிட்ட வரும். சீ-டூ ஸ்பார்க், சீ-டூ ஜிடிஐ 130 மாதிரி சூப்பர்சார்ஜர் இல்லாத மெஷினுகளுக்கு பொதுவா 92 காணும். 95 ஊத்தவேண்டிய மெஷினுக்கு 92 ஊத்தி ஓடிப்பாத்துட்டு பவர் குறைவு எண்டு சொன்னால் அது மெஷின்ட பிழை இல்லை.

சரி இனி தண்ணிக்க இறங்குவம். எங்க டெஸ்ட் பண்ணுறது எண்டது பெரிய விசயம். மாபிள் பீச் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும், அங்க எந்த மெஷினும் வடிவாத்தான் ஓடும், 90ம் 300ம் வளைவுல ஒரே மாதிரி நல்ல பிள்ளையா நடிக்கும். அங்க பாத்துட்டு வாங்கிக்கொண்டு வந்து நிலாவெளியில இறக்கின ஆக்களைத் தெரியும். காலமை ஏழு மணிக்கு ஒருக்கா, மத்தியானத்துக்குப் பிறகு காத்து எழும்பினாப்பிறகு ஒருக்கா, ரெண்டு நேரமும் ஓடிப் பாக்கவேணும். டொக்யார்ட் பக்கம் நேவி ஏரியா, அங்க தலைகாட்டவே வேண்டாம். புறாத்தீவு பவளப்பாறைக் காடு, தேசியப் பூங்கா, அதையும் விட்டிடுங்கோ. கொட்டியாரக்குடாவுல மகாவலி வந்து விழுற பக்கம் மழைக்குப் பிறகு கட்டையும் செடியும் மிதக்கும், கீழால தண்ணியை உறிஞ்சிப் பின்னால பீச்சி மெஷினை ஓட்டுற ஜெட் பம்புக்கு அது விஷம்.

கச்சான் காத்தைப் பற்றி வெளியூர் ஆக்களுக்குச் சொல்லவேணும், கொறிக்கிற கச்சான் இல்லை, மேற்கு, தென்மேற்குப் பக்கத்தால வாற காத்து. எங்கட கரை கிழக்குப் பாத்தது, அதால கச்சான் அடிக்கேக்க கரையோரம் தண்ணி பலகை மாதிரிக் கிடக்கும், அலையே இல்லை எண்டு நினைச்சுப் போவீங்கள், ஒரு கிலோமீற்றர் வெளிய போனால்தான் தெரியும் அங்க சின்னச் சின்னக் கூரான அலை நெருக்கமா எழும்பி நிக்குது எண்டு. போகேக்க காத்து பின்னால, சொகுசு. திரும்பி வரேக்க காத்தும் அலையும் முகத்துக்கு. மெஷினை மதிக்கவேண்டிய இடம் அந்தத் திரும்பி வாற பாதைதான்.

நான் இதைப் படிச்சது சொந்த முதுகுல. சில வருசத்துக்கு முன்னம் ஒரு இடத்துல வாடகைக்கு எடுத்த சின்ன மெஷின்ல நானும் மச்சானும் வெளிய போனம், ஒரு மணி ஒண்டரை இருக்கும், போகேக்க பறந்தம். திரும்பேக்க திடீரெண்டு எஞ்சின் கத்துது, மெஷின் அசையேல்லை. எஞ்சின் சுத்துற வேகத்தைக் காட்டுற டக்கோமீற்றர் முள்ளு மேல ஏறுது, ஸ்பீட் பத்துக்கு மேல வரேல்லை. எஞ்சினை நிப்பாட்டி, கையில கட்டின, ஆள் விழுந்தால் எஞ்சினை நிப்பாட்டுற சிவப்புக் கயித்தைக் கழட்டி, மச்சான் கீழ இறங்கி மூச்சுப் பிடிச்சு தண்ணி உறிஞ்சுற இன்டேக் வாசலுக்க கைவிட்டுப் பாத்தால், அரிசி வாற நைலோன் சாக்குத் துண்டு ஒண்டு பம்புக்க சுத்துற விசிறியில, அதான் இம்பெல்லர்ல, சுத்தி இறுகிக் கிடக்கு. அவன் இழுக்க இழுக்க நூல் நூலா வருது, முழுசா வரேல்லை. அந்த இருபது நிமிசத்துல சுவாமி மலை சின்னனாப் போயிட்டுது, கோணேசர் கோயில் கோபுரம் விரல்நகம் அளவு. கடைசியா ஒரு எஞ்சின் போட்காரர் கண்டு வந்தார், வயசானவர், கயித்தை எறிஞ்சுபோட்டு ஒரு கேள்விதான் கேட்டார், “தம்பி, கச்சானுக்கு எதிரா வரேலாத சாமானை வைச்சுக்கொண்டு ஏனப்பா வெளிய போறியள்?”

இழுக்கிற கதையும் ஒண்டு இருக்கு. அவர் கெதியா இழுக்கத் தொடங்க நான் கத்தி மறிச்சன். ஜெட் ஸ்கீயை வேகமா இழுத்தால் பம்பால தண்ணி ஏறி எக்ஸோஸ்ட் வழியா எஞ்சினுக்க போயிடும், பிறகு எஞ்சின் முடிஞ்சுது. யமஹா புத்தகத்துல மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல இழுக்காத எண்டு இருக்கு. ஆகவே நடக்கிற வேகத்துக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். கரைக்கு வர பொழுதுபட்டிட்டுது.

இனி டெஸ்ட் செய்யிற முறை. ரெண்டு வெறும் பிளாஸ்ரிக் கான் எடுங்கோ, அஞ்சு லீற்றர் காணும், கயித்துல மண்சாக்கு கட்டி நாப்பது மீற்றர் இடைவெளியில மிதக்க விடுங்கோ. ஆழம் குறைஞ்சது இடுப்பளவு, 90 சென்ரிமீற்றருக்கு மேல இருக்கவேணும். நிலாவெளிக் கரை கனதூரம் ஆழமில்லாமப் போகும், அதுக்க நிண்டு ஸ்டார்ட் பண்ணினால் மண்ணை உறிஞ்சி இம்பெல்லரையும் அதைச் சுத்தி இருக்கிற வெயர் ரிங்கையும் அரம் போட்ட மாதிரி தின்னும். தள்ளிக்கொண்டு போய் ஆழத்துல ஸ்டார்ட் பண்ணுங்கோ.

பவர் டெஸ்ட் லேசு. போனை தண்ணி போகாத பைக்க போட்டு ஜிபிஎஸ் ஸ்பீட் ஓட விடுங்கோ, மெஷின்ட டாஷ்ல காட்டுறதை நம்பாதீங்கோ, கனக்க மெஷின் கூட்டித்தான் காட்டும். நிண்ட நிலையில இருந்து 50க்குப் போக எத்தினை செக்கன் எண்டு எண்ணுங்கோ, காத்தோட ஒருக்கா, காத்துக்கு எதிரா ஒருக்கா, ரெண்டையும் கூட்டி ரெண்டால பிரியுங்கோ. பிறகு ஆள் நிறையைக் கூட்டி அதையே திரும்பச் செய்யுங்கோ. ஒரு ஆளோட இருக்கிற நேரத்துக்கும் மூண்டு பேரோட இருக்கிற நேரத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு கூடுது எண்டு பாருங்கோ, நான் அந்த வித்தியாசத்தைத்தான் பவர் எண்டு சொல்லுவன். சின்ன மெஷின் தனி ஆளோட துள்ளிக்கொண்டு போகும், மூண்டு பேர் ஏறினா மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணிக்க உழும், எழும்பி மேல ஓடவே நேரம் எடுக்கும். ஓடேக்க ஆர்பிஎம்மையும் (எஞ்சின் ஒரு நிமிசத்துக்கு எத்தினை சுத்து எண்டது) கவனியுங்கோ, சீ-டூ 1630 எஞ்சின் முழுத் திறப்புல 8000ஐ ஒட்டி வரவேணும், யமஹா 1.8 லீற்றர் எஞ்சின் 7500ஐச் சுத்தி. ஆர்பிஎம் கூட வந்து ஸ்பீட் வரேல்லையெண்டால் வெயர் ரிங் தேஞ்சிருக்கு, அல்லது எங்கட சாக்கு மாதிரி ஏதோ சுத்தியிருக்கு. செகண்ட் ஹேண்ட் பாக்கிற ஆக்களுக்கு இது ஒண்டே பாதி வேலையை முடிச்சுக் குடுக்கும்.

வளைவு டெஸ்டுக்கு அந்த ரெண்டு கானையும் எட்டுப் போட்டுச் சுத்துங்கோ. முதல்ல 25ல, பிறகு 40ல, பிறகு துணிவு இருந்தால் 55ல. என்ன பாக்கிறது எண்டால், மெஷின் உள்பக்கமாச் சாஞ்சு தண்ணியைக் கவ்விப் பிடிக்குதா, இல்லை பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளிய போகுதா எண்டது. ஆர்எக்ஸ்பி-எக்ஸ் கவ்வும், சும்மா கவ்வாது, கை பலமில்லாத ஆளைத் தூக்கி எறியிற அளவுக்குக் கவ்வும், தனி ஆள் விளையாட அது ராசா, ஆனா வாடகைக்கு வாற புது ஆளுக்கு அதைக் குடுக்கிறது பாவம். ஸ்பார்க் வழுக்கும், கனபேருக்கு அதுதான் விருப்பம், சின்னப் பெடியள் அதைச் சுழட்டி விளையாடுவாங்கள், பயமில்லை. அல்ட்ரா 310 பெரிய சாமான், 500 கிலோவுக்குக் கிட்ட, கானைச் சுத்த சோம்பல்படும், ஆனா அதுன்ட அடிப்பக்கம் ஆழமான வி வடிவம், 22.5 பாகை, கச்சான் அலைக்க கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு வரும். கான் டெஸ்ட்ல தோத்த மெஷின் திரும்பி வாற பாதையில வெல்லுறதை நான் ரெண்டு மூண்டு தரம் கண்டிருக்கன்.

அதனால மூண்டாவது டெஸ்ட், இதைத்தான் ஆக்கள் விடுறது. கச்சான் எழும்பின நேரம் அரை கிலோமீற்றர் வெளிய போய், காத்துக்கு எதிரா கரையைப் பாத்து 40ல பிடிச்சுக்கொண்டு வாங்கோ. த்ரொட்டிலைக் கூட்டிக் குறைக்காம எவ்வளவு நேரம் வரலாம் எண்டு பாருங்கோ. பாரம் குறைஞ்ச மெஷின் ஒவ்வொரு அலையிலயும் ஏறிப் பாயும், பாயேக்க பம்ப் காத்தை உறிஞ்சும், எஞ்சின் ஒருக்கா கத்தும், பிறகு டமார் எண்டு விழும், அந்த அடி நேரா நாரியில. மூக்கு மேலயும் கீழயும் துள்ளினால் ட்ரிம் (பீச்சுற தண்ணிட கோணத்தை மேல கீழ மாத்துற வசதி) இருக்கிற மெஷின்ல அதைக் கீழ இறக்கிப் பாருங்கோ, துள்ளல் குறையும். ட்ரிம் இல்லாட்டி ஆள் முன்னுக்கு இருக்கவேணும், வேற வழியில்லை. என்ட கண்ணுக்கு இந்த டெஸ்ட்ல நடுத்தர மெஷினுகள், எஸ்டிஎக்ஸ் 160, சீ-டூ ஜிடிஐ மாதிரி 130ல இருந்து 170 வரைக்கும் உள்ளதுகள்தான் எங்கட கரைக்குச் சரி, காசுக்கும் சரி. 300க்கு மேல உள்ளது ஆசைக்கு.

கடைசி டெஸ்ட் நிப்பாட்டுறது, இதை ஒருத்தரும் ஆசையாச் செய்யிறதில்லை. ஜெட் ஸ்கீக்கு சுக்கான் இல்லை, பின்னால பீச்சுற தண்ணிதான் திருப்புறது. த்ரொட்டிலை விட்டால் தண்ணி இல்லை, தண்ணி இல்லாட்டி ஹாண்டிலை எவ்வளவு முறிச்சாலும் மெஷின் நேராத்தான் போகும். புது ஆள் பயந்தால் முதல் செய்யிற வேலை கையை விடுறது, பிறகு நேர கொண்டுபோய் வள்ளத்துல சாத்துறது. அதால 40ல வந்து ஒரு கானுக்கு நேர த்ரொட்டிலை விட்டு ஹாண்டிலை முறிச்சுப் பாருங்கோ, எந்த மெஷின் எவ்வளவு தூரம் கேளாமப் போகுது எண்டு தெரியும். சீ-டூக்காரன் 2009ல ஐபிஆர் எண்டு பிரேக் கொண்டுவந்தான், இடது கை லீவரை இழுத்தால் பின்னால பக்கெட் இறங்கி தண்ணியை முன்னுக்குத் திருப்பும், கம்பெனிக் கணக்குப்படி பிரேக் இல்லாததை விட 48 மீற்றர் வரைக்கும் முன்னமே நிக்கும். யமஹா 2015 மொடல்ல இருந்து ரைட் எண்டு அதே மாதிரி வைச்சான். உப்புவெளியில கரைவலை இழுக்கிற நேரம் கடலுக்க ஆள், கயிறு, வள்ளம் எல்லாம் கிடக்கும், ஆகவே ஆக்களை ஏத்தி உழைக்கப்போறீங்கள் எண்டால் பிரேக் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவா வந்தாலும் நான் வாங்கமாட்டன். ஸ்பார்க்ல சில மொடலுக்கு ஐபிஆர் வராது, வாங்க முதல் லீவர் இருக்கா எண்டு கண்ணால பாருங்கோ.

இதோட ஆழத்துல விழுந்து ஏறியும் பாருங்கோ. லைஃப் ஜக்கெட்டோட பின்பக்கத்தால ஏறேக்க சின்ன மெஷின் ஒரு பக்கம் சரிஞ்சு இருக்கிற ஆளையும் கொட்டிவிடும். மெஷின் பிரண்டால் எந்தப் பக்கமா நிமித்துறது எண்டு பின்னால ஸ்ரிக்கர் இருக்கும், அதை முதலே வாசியுங்கோ, பிழையான பக்கம் நிமித்தினால் எஞ்சினுக்க தண்ணி.

ஓடி முடிய நல்ல தண்ணியால கழுவேக்க முதல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப்போட்டுத்தான் பைப்பைத் திறக்கவேணும், முடிக்கேக்க முதல் பைப்பை மூடிப்போட்டு எஞ்சினை நிப்பாட்டவேணும், மாறிச் செய்தால் தண்ணி எஞ்சினுக்க போயிடும். யமஹாவும் கவாசாகியும் கடல் தண்ணியையே எஞ்சினுக்க சுத்தவிட்டுக் குளிராக்கிறது, ஒரு நாள் கழுவாம விட்டால் உப்பு உள்ளுக்க. சீ-டூ கார் மாதிரி மூடின கூலன்ட், ஆனா எக்ஸோஸ்டுக்கு கடல் தண்ணிதான், அதையும் கழுவத்தான் வேணும்.

அந்தத் தம்பி ரெண்டையும் இப்பிடி ஓடிப் பாத்தான், காலமை 300ல சிரிச்சுக்கொண்டு வந்தவன் பின்னேரம் 130ல நாரி நோகாம கரைக்கு வந்து இறங்கினான், அடுத்த நாள் 130க்கு அட்வான்ஸ் குடுத்தான். நீங்களும் டெஸ்ட் முடிய அந்த ரெண்டு கானையும் மண்சாக்கையும் மறக்காம எடுத்துக்கொண்டு வாங்கோ, விடியக்காலமை அது வலையில சிக்கினால் கரைவலைக்காரர் ஏசுற ஏச்சு நிலாவெளி வரைக்கும் கேக்கும்.